வாய்க்கு அளவெடுத்த வார்த்தைகள்

இப்போது அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. திறந்தால் ஆயிரக்கணக்கில் முகம் தெரியாத ஆட்கள். யாரோ அறிக்கை போடுகிறார்கள், யாரோ அதற்குக் கைதட்டும் பொம்மை போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே விதிமுறைகள் தொங்குகின்றன. நல்ல காரியம்தான், குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்த கையோடு, பழக்க தோஷத்தில் போனை எடுத்துச் சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிடுவாள். சாய்த்து வைத்த பிறகுதான் நினைவு வரும், அந்த நேரத்துக்கு அங்கே இப்போது யாரும் வருவதில்லை என்று. போனைத் திரும்ப எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

அப்போது குழு என்றால் ஒரு கைப்பிடி ஆட்கள். ஞாயிறு மதியம் போனில் வீடியோவில் கூடி, திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் எல்லார் முகமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். பிழைக்க வந்த தேசத்தில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தமிழ் பேசுகிறவர்கள். நிறத்தைச் சொல்லி, பேச்சைச் சொல்லி, வந்த இடத்தைச் சொல்லி எங்கோ ஒரு நாள் யாரிடமோ அவமானப்பட்டவர்கள். வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் வம்பு என்று பெயர் வேண்டாம் என முடிவு செய்தார்கள். தொழிலே பெயரானது. பஸ் ஓட்டுகிறவர் டிரைவர் அண்ணன். வங்கியில் கடன் பிரிவில் இருந்த இளைஞன் பேங்க் தம்பி. மருத்துவமனையில் நர்ஸாக இருந்த பெண் ஊசி. சலூனில் முடி வெட்டுகிற இவள் கத்தரி அக்கா.

இவள் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு வாடிக்கையாளர் அம்மாளின் புண்ணியத்தில்.

மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட சலூன் அது. அந்த அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இவள் தண்ணீர்ச் சூட்டைப் புறங்கையில் பார்த்துவிட்டு முடியில் கை வைத்தாள். அம்மாள் கண்ணைத் திறந்தாள், கையைப் பார்த்தாள், முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். "வேற யாராவது கழுவக் கூடாதா?" இவளைப் பார்த்துக் கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். முதலாளியம்மா முகம் கோணாமல் இன்னொரு பெண்ணை அனுப்பினாள். இவள் ஈரத் துண்டைப் பிடித்தபடி, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

வீட்டில் அவள் கணவருக்கு விஷயம் முதலில் பிடிபடவில்லை. கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற மனிதர், எதையும் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"கையில என்ன இருந்துச்சு? சாயம் கியம் ஒட்டியிருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. கைதான் இருந்துச்சு."

 மறுநாள் அவர் யாரிடமோ விசாரித்து, அந்தக் குழுவின் இணைப்பை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு, "சும்மா எட்டிப் பாரு, பிடிக்கலைனா வெளிய வந்துடு" என்றார்.

முதல் ஞாயிறு அவள் போனை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை கீழே வைத்தாள். அவள் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது, வெளிநாடு வந்து பயந்தாங்கொள்ளி ஆனவள். பள்ளியில் பாதிப் பாடம் ஒரு மொழியிலும் மீதி இன்னொரு மொழியிலுமாகப் படித்தவள். அதனால் கோபம் ஒரு மொழியில் வரும், மரியாதை இன்னொரு மொழியில் வரும், இரண்டும் பேசி முடித்துப் பதில் தயாராவதற்குள் எதிரில் நின்றவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அதையே பல நாள் கழித்துச் சமையலறையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க," என்று திரையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. டிரைவர் அண்ணன்தான் கூட்டத்தை நடத்துகிறவர். "புதுசா வந்திருக்கிற அக்கா, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. போன கொஞ்சம் கீழ சாய்ங்க. ம், இப்ப மூக்கு வந்துடுச்சு. போதும், மிச்சத்த நாங்க யூகிச்சுக்கறோம்."

அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நடந்ததைச் சொன்னவருக்கு யாரும் ஆறுதல் சொல்லக்கூடாது. 'ஐயோ பாவம்' என்றால் டிரைவர் அண்ணன் வாயாலேயே ஹாரன் அடிப்பார். அதற்குப் பதில் நடந்ததை நடித்துப் பார்ப்பார்கள். ஒருவர் அவமானப்படுத்தியவர் ஆவார், இன்னொருவர் அவமானப்பட்டவர் ஆவார். உண்மையில் பட்டவர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொருவரும் ஒரு பதிலைச் சொல்லிப் பார்ப்பார்கள், பட்டவர் 'இது என் வாயில நிக்காது' என்று தள்ளிக்கொண்டே வருவார், ஏதோ ஒன்று நிற்கும் வரை. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர், வாய்க்கு அளவெடுப்பது.

அன்றைக்கு இவள் நடந்ததைச் சொன்னதும் டிரைவர் அண்ணன் தலையில் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மாளானார். ஊசி இவளானாள்.

"வேற யாராவது கழுவக் கூடாதா?" என்று அண்ணன் குரலை மெல்லியதாக்கிக் கேட்டதும் இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

பேங்க் தம்பி கையைத் தூக்கினான். "'உங்கள் பார்வையில் ஊறிப்போயிருக்கும் மேலாதிக்க மனோபாவத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்'னு சொல்லலாம்."

"தம்பி, நீ அத சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தம்மாவுக்கு முடியே காஞ்சிடும்," என்றார் அண்ணன் துண்டுக்குள்ளிருந்து.

கடைசியில் ஊசிதான் ஒன்று சொன்னாள். சத்தம் போடாமல், தண்ணீர்ச் சூடு விசாரிக்கிற குரலில்: "ஏன்னு கேக்கலாமா?"

அது இவள் வாயில் நின்றது. வாரம் முழுவதும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள். கணவரிடம் சொல்லிப் பார்த்தாள், அவர் "தெரியலையே" என்று பயந்துபோனார். மாதங்கள் கழித்து வேறொரு வாடிக்கையாளர் அதே கேள்வியைக் கேட்டபோது, குரல் ஆடினாலும் சொல்லிவிட்டாள். கேட்ட பெண் வாயைத் திறந்தாள், மூடினாள், "இல்ல, சும்மாதான், நீங்களே கழுவுங்க" என்று தலையைச் சாய்த்துக்கொண்டாள்.  ஞாயிறு அதைச் சொன்னபோது திரையில் எல்லாக் கட்டங்களிலும் கைகள் உயர்ந்தன. ஏதோ கல்யாண வீடு மாதிரி.

அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது ஊசியின் சிரிப்பு. ஊசியின் அம்மா தமிழ், அப்பா கறுப்பினத்தவர். பம்மென்று எழுந்து நிற்கும் முடி கட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். முதல் நாளில் இவள் ஆர்வக் கோளாறில், "நல்லா தமிழ் பேசறியேம்மா!" என்று சொல்லிவிட்டாள்.

"நீங்களும் நல்லாத்தான் பேசறீங்கக்கா," என்றாள் ஊசி.

ஒரு நொடி கழித்துத்தான் இவளுக்கு உறைத்தது. உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள், ஊசியும் சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். சலூனில் இவளுக்குச் சாப்பாட்டு இடைவேளையும் ஊசிக்கு வேலை முடியும் நேரமும் பொருந்தி வந்தால் போன் பேசுவார்கள். ஊசி பஸ்ஸில் இருந்துகொண்டே கொட்டாவி விட்டபடி பேசுவாள். காலைக் கடிக்கும் செருப்பு, கல்யாணம் எப்போது என்று அரிக்கும் அம்மா, ஊசி போடும்போது மட்டும் தெய்வத்தைக் கூப்பிடும் பெரிய மனிதர்கள். நம்மவர்கள் கூடும் இடங்களுக்குப் போனால் பெண்கள் வந்து கேட்காமலேயே அவள் முடியைத் தொட்டு 'ஒரிஜினலா?' என்பார்களாம்.

"நான் என்ன கடையில தொங்கற துணியா?" என்பாள்.

"விடுடி, தெரியாத ஜனங்க," என்பாள் இவள். உள்ளூர அவளுக்கும் ஒரு முறை தொட்டுப் பார்க்க ஆசைதான்.

"ஒரு நாள் உங்க சலூனுக்கு வந்து உக்காரப் போறேன் பாருங்க."

"எப்ப வேணா வாடி, உனக்கு இல்லாத இடமா?"

சொன்னாள். நம்மவர்கள் 'வீட்டுக்கு வாங்க' என்று சொல்வதைப் போல, யோசிக்காமல்.

அந்த ஞாயிறு மழை பெய்துகொண்டிருந்தது. ஊசி வழக்கத்துக்கு மாறாகத் தலையில் துணி கட்டியிருந்தாள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த சலூனுக்குப் போனாளாம், இடமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். "நாற்காலி எல்லாம் காலியாத்தான் இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"சரி, நடிச்சுப் பாத்துடலாம்," என்றார் டிரைவர் அண்ணன். "கவுண்டர்ல நிக்கறதுக்கு நம்மகிட்ட அசல் ஆளே இருக்காங்களே. கத்தரி அக்கா, நீங்கதான். தம்பி, நீ ஊசியா நில்லு."

இவளுக்கு உற்சாகமாக இருந்தது. தனக்குத் தெரிந்த வேலை. தோழிக்குப் பதில் தேடப் போகிறோம், நன்றாகச் செய்ய வேண்டும் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ள வரலாமா? முடி வெட்டணும்," என்றான் பேங்க் தம்பி.

இவள் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க." கண் அவன் முகத்தில் நிற்காமல் நெற்றிக்கு மேலே ஒரு முறை போய் வந்தது. இல்லாத கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து விரல்களால் தட்டினாள். நாக்கால் ஒரு சின்ன சத்தம். "அடடா. இன்னைக்கு முழுக்க ஃபுல்லா போயிடுச்சே. நாளைக்கும் கொஞ்சம் கஷ்டம்தான். ஒண்ணு பண்ணுங்க, நம்பர் குடுத்துட்டுப் போங்க, யாராவது கேன்சல் பண்ணா நானே கூப்பிடறேன்." மேசையில் கிடந்த கடை ரசீதைத் திருப்பிப் போட்டு அதில் எண் எழுதுவது போல் விரலை ஓட்டினாள். எழுதிவிட்டு, 'பத்திரமா இருக்கும்' என்பது போல் அதைத் தட்டியும் கொடுத்தாள்.

"ஆஹா!" என்று கை தட்டினார் டிரைவர் அண்ணன். "சினிமாவுக்குப் போயிருக்கணும் நீங்க."

சிரிப்பு ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. ஊசி சிரிக்கவே இல்லை.

"அக்கா," என்றாள். "இடமில்லனு சொன்னாங்கன்னு மட்டும்தான் நான் சொன்னேன். நம்பர் வாங்கினத நான் சொல்லவே இல்ல."

இவளுடைய விரல் இன்னும் ரசீதின் மேல் இருந்தது.

"ரசீதுக்குப் பின்னாடி எழுதினதையும் சொல்லல. அப்படியேதான் எழுதினாங்க. தட்டிக் குடுத்தாங்க."

 யாருடைய வீட்டிலோ குக்கர் மட்டும் கத்தியது. இவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளியம்மா சொன்னபடிதான் என்று ஒரு மொழியிலும், மன்னித்துவிடு என்று இன்னொரு மொழியிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து, இரண்டுமே வெளியே வரவில்லை. ஊசியின் கட்டம் கறுப்பானது. பிறகு கட்டமே இல்லாமல் போனது.

சலூனில் அது ஒரு சட்டம் என்றுகூட யாரும் சொன்னதில்லை. இறுகச் சுருண்ட முடியோடு யாராவது உள்ளே வந்தால் முதலாளியம்மா கண்ணைக் காட்டுவாள். "அது தலை இல்ல, தலைவலி" என்பது அவளுடைய பழைய ஜோக். சீப்பு உடையும், நேரம் இழுக்கும், யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கவுண்டரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் சிரித்து அனுப்ப வேண்டும். இவள் அதை நன்றாகச் செய்வாள், மனம் கோணாமல் அனுப்புகிறவள் என்று அவளுக்கு நல்ல பெயர். ஈரத் துண்டோடு நின்ற நாளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று, அந்த மழை மதியம் வரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

கணவர் வழக்கம்போல் தூக்கி வேறு இடத்தில் வைக்கப் பார்த்தார். "நீ என்ன பண்ணுவ? சம்பளம் குடுக்கறவ சொன்னா செய்ய வேண்டியதுதானே."

"அன்னைக்கு எனக்குப் பதிலா வேற பொண்ண அனுப்பினதும் சம்பளம் குடுக்கறவதான்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஊசிக்கு நீளமாகச் செய்தி எழுதினாள், அழித்தாள், இன்னொரு மொழியில் எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் 'நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன். நிறைய பேர' என்று மட்டும் அனுப்பினாள். ஊசி படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஊசி வரவில்லை. கத்தரி அக்கா முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்து, "நான் விலகிக்கறேன், அவ திரும்பி வரட்டும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

யாரும் எதிர்பார்க்காமல் பேங்க் தம்பி குறுக்கே வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அழுதா நாங்க எல்லாரும் உங்கள சமாதானப்படுத்தணும். அப்ப ஊசிய யாரு பாக்கறது?"

இவளுக்குச் சுருக்கென்றது. அழுகையும் நின்றது.

"தம்பி பேசக் கத்துக்கிட்டான்," என்றார் டிரைவர் அண்ணன். பிறகு வேடிக்கையை விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டாப்ல கறுப்பினப் பசங்க கூட்டமா நின்னா, வண்டி நிறைஞ்சிடுச்சுனு கைய ஆட்டிட்டுப் போயிருக்கேன் நானு. உள்ள பாதி சீட்டு காலி. இத இங்க சொல்லணும்னு எனக்குத் தோணினதே இல்ல பாருங்க. வாராவாரம் நமக்கு நடந்ததத்தான் பேசினோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இறங்கறவங்க இறங்கலாம். நான் கதவ மூடப் போறதில்ல."

இவள் இறங்கவில்லை.

மறுநாள் முதலாளியம்மாவிடம், இனிமேல் தான் பொய் சொல்லி அனுப்பப் போவதில்லை என்றாள்.

"உனக்கு அந்த முடி செய்யத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்ன சொல்லி அனுப்புவ?"

"தெரியாதுன்னு."

முதலாளியம்மாவுக்கு இது வியாபாரமாகவும் தெரியவில்லை, புத்திசாலித்தனமாகவும் தெரியவில்லை. ஆனால் கூந்தல் சாயம் போடுவதில் இவளை விட்டால் ஆளில்லை, அதனால் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அடுத்து அப்படிப்பட்ட முடியோடு வந்த பெண்ணிடம் இவள் கீபோர்டைத் தொடாமல் சொன்னாள்: "இடம் இருக்கு. ஆனா இந்த முடி செய்ய எங்க யாருக்கும் தெரியாது. நாங்க கத்துக்கல."

அந்தப் பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "வாசல்லயே எழுதிப் போட்டிருந்தா நான் செருப்புத் தேய நடந்து வந்திருக்க மாட்டேனே?" கதவு வரை போனவள் திரும்பி, "ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி எங்க ஆளுங்க முடி வெட்டற கடை ஒண்ணு இருக்கு. போய்க் கத்துக்கோ. அவங்க ஒண்ணும் கடிக்க மாட்டாங்க," என்றாள்.

விடுமுறை நாளில் இவள் அந்தக் கடையைத் தேடிப் போனாள். குறுகலான கடை, சுவர் முழுக்க ஜடை மாதிரிகளின் படங்கள், ஒரே நேரத்தில் எல்லாரும் பேசுகிற சத்தம். கடைக்காரி, இவளும் முடி வெட்டும் தொழிலில்தான் இருக்கிறாள் என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காரு, கிளிப்பப் பிடி," என்றாள், அவ்வளவுதான். வாராவாரம் இவள் கிளிப் பிடித்தாள். பிறகு முடியைப் பகுதி பகுதியாகப் பிரிக்க விட்டார்கள். சொந்தத் தொழிலில் கை பழகியவளுக்கு அங்கே விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் இவள் வேரிலிருந்து சீப்பை இழுத்தபோது நாற்காலியில் இருந்த சிறுமி ஊரைக் கூட்டினாள்.

"நுனியில ஆரம்பி!" என்று கத்தினாள் கடைக்காரி. "வேர்ல ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் அழுவாங்க."

ஞாயிறுகளில் இதை இவள் சொல்லமாட்டாள். பெருமை பேசுவதாகிவிடுமோ என்று பயம். டிரைவர் அண்ணன்தான் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊசியின் கட்டம் வரவே இல்லை. மற்றவர்கள் பேசினார்கள், நடித்தார்கள், பதில்களை அளவெடுத்தார்கள். ஆனால் இவள் ஒவ்வொரு முறையும் முதலில் எண்ணிப் பார்ப்பது, யார் வரவில்லை என்பதைத்தான்.

ஒரு மாலை, சலூனில் கூட்டம் வடிந்திருந்த நேரம், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நெட்டைப் பெண் உள்ளே வந்தாள். இவள் கவுண்டரிலிருந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே போக வேண்டியிருந்தது.

"நீ இவ்வளவு உயரமா?" என்றாள் தன்னையறியாமல்.

"நீங்க இவ்வளவு குட்டையா?" என்றாள் ஊசி.

கட்டத்துக்குள் எல்லாருக்கும் ஒரே உயரம். இத்தனை காலம் பேசியும் ஒருவரை ஒருவர் தோளுக்குக் கீழே பார்த்ததில்லை. இவளுக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் ஊசி. "மாமா வீட்டுக்கு வந்தேன். முடி அழுக்கா இருக்கு. டிரைவர் அண்ணன் ஏதோ சொன்னாரு, நான் நம்பல. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காரு," என்றாள் இவள். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

முதலாளியம்மா டிரையருக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கண்ணைக் காட்டவில்லை. ஊசி தலையைச் சாய்த்தாள். கழுத்து மட்டும் விறைப்பாகவே இருந்தது, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவளைப் போல. இவள் தண்ணீரைத் திறந்தாள், சூடு பார்த்தாள். முதல் நாளில் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட முடி இப்போது கைக்குள் இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் கூசியது. நுரைத்து அலசினாள். கண்டிஷனரைத் தடவி, பகுதியாகப் பிரித்து, விரலால் நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடியே ஊசி கேட்டாள். "எத்தன பேர அனுப்பியிருப்பீங்க?"

"எண்ணி வெச்சுக்கல. எண்ணிக்கூட வெச்சுக்கல."

"அந்த நம்பர் எல்லாம்?"

"குப்பையில."

ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். "என் நம்பர எழுதினாங்கல்ல, நான் நிஜம்னு நினைச்சேன்க்கா. வார்டுல போன பாக்கக்கூடாது. பாக்கெட்ல வெச்சுக்கிட்டு எப்ப அதிரும், எப்ப அதிரும்னு இருந்தேன்."

இவள் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க. கண்டிஷனர் காஞ்சிடும்."

கை மறுபடியும் நகர்ந்தது. பின்கழுத்துப் பக்கம் ஒரு பெரிய சிக்கு. இவள் அதை விரல்களுக்கிடையில் ஏந்தி, ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். எங்கேயும் இழுக்கவில்லை. எப்போது என்று சொல்ல முடியாது, கழுத்தின் விறைப்பு மெல்ல விட்டது. தலையின் முழுக் கனமும் இவள் உள்ளங்கையில் இறங்கியது. ஊசி தூங்கிவிட்டிருந்தாள். ரயிலில் வந்த களைப்பாக இருக்கும். இவள் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள், கை மரத்துப்போகும் வரை.

வெட்டி முடித்து, முன்பக்கம் பின்னல் போட்டு, கண்ணாடியைத் திருப்பிக் காட்டியபோது ஊசி நெடுநேரம் பார்த்தாள். இடப் பக்கம் சாய்ந்தாள், வலப் பக்கம் சாய்ந்தாள்.

"ஒரு பக்கம் கோணல்."

"தெரியும்."

"நல்லாவே கோணல்."

"அவிழ்த்துட்டு மறுபடி போடவா?"

"வேணாம், ரயிலுக்கு நேரமாச்சு." ஊசி எழுந்து மேலங்கியை மாட்டினாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். "அடுத்த தடவ இந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க."

வெளியே நடைபாதையில் அந்த உயரமான உருவம் செருப்புக் கடையைத் தாண்டி மறையும்வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஊசி ஞாயிறுகளுக்குத் திரும்பி வந்ததும், குழு பெருத்ததும், டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்று ஒதுங்கியதும், பழைய ஆட்களின் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்ததும் எல்லாம் நடந்தன. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவள் சொல்லத் தொடங்குவது இந்த ஒரு மாலையைத்தான்.

அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கணவர் கவலையோடு கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஊசி வந்தா. முடி வெட்டினேன். கோணலாப் போச்சு."

"கோணலாப் போனதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"ஆமா," என்றாள். "சரி பண்ண வரேன்னிருக்கா."